கறுப்பைத் தேடும் ஒளி

பதினைந்து வயதில் மீசை அரும்புகிறது. இருபதில் நெஞ்சில் முடி நிறைகிறது. முப்பதைத் தாண்டியபின் தோள்பட்டையிலும் முதுகிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டுகிறது. ஐம்பதில் காது மடலிலும் வந்துவிடுகிறது. இதே ஆண்டுகளில்தான் உச்சந்தலையில் வழுக்கை விழுகிறது. ஓர் இடத்தில் முளைப்பதற்கும் இன்னோர் இடத்தில் உதிர்வதற்கும் காரணம் ஒன்றே: ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்மை ஹார்மோன்கள். டெஸ்டோஸ்டீரோனிலிருந்து உடல் தயாரிக்கும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோன் நெஞ்சு, முதுகு, தாடிப் பகுதிகளில் மெல்லிய முடியைத் தடித்த முடியாக்குகிறது. தலையின் முன்பக்கத்திலும் உச்சியிலும் தடித்த முடியை மெலிய வைக்கிறது. (காதுமடல் முடி ஒய் குரோமோசோம் வழியாக அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவது என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. தென்னிந்திய ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்ட 2004ஆம் ஆண்டு ஆய்வில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.)

இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. முப்பது வயதில் முதுகில் முடி வரும்போது அங்கே புதிதாக மயிர்க்கால் எதுவும் உண்டாவதில்லை. மனித உடலில் சுமார் 50 லட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. அத்தனையும் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுபவை. பத்து வயதுப் பையனின் வழவழப்பான முதுகிலும் அவை இருக்கின்றன. அவற்றிலிருந்து நிறமில்லாத, கண்ணுக்குத் தெரியாத பூனைமுடி வளர்ந்துகொண்டிருக்கிறது. ஹார்மோன் பல ஆண்டுகள் ஊறி ஊறி அவற்றை ஒவ்வொன்றாகக் கறுப்பும் தடிமனுமாக மாற்றுகிறது. நிரந்தர முடி நீக்கம் பற்றிய பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது.

உடலில் முடி இருப்பது நோயல்ல. அதை எடுத்தே ஆகவேண்டும் என்று யாரும் ஓர் ஆணிடம் சொல்லக் கூடாது. அதேபோல், எடுக்க விரும்பும் ஆணைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது. ஷேவ் செய்த மறுநாளே கழுத்தெல்லாம் கொப்புளம் போடுகிறவர்கள் உண்டு. முதுகைக் காட்டக் கூச்சப்பட்டு நீச்சல் குளத்தின் பக்கமே போகாதவர்கள் உண்டு. வெட்கத்தால் யாரிடமும் கேட்காமல், விளம்பரத்தை மட்டும் நம்பிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் தோலைச் சுட்டுக்கொண்டு திரும்புகிறார்கள்.

முடியின் கதை தோலுக்கு அடியில் நடக்கிறது. மயிர்க்காலின் அடியில் குமிழ் போன்ற ஒரு பகுதி. அதற்குள் ரத்தக் குழாய்களோடு இணைந்த ஒரு சிறு திசுக்கட்டி, பாப்பிலா. வளர்ச்சிக்கான சமிக்ஞைகள் அங்கிருந்து புறப்படுகின்றன. மயிர்க்காலின் நடுப்பகுதியில், முடியைச் சிலிர்க்க வைக்கும் தசை வந்து ஒட்டுமிடத்தில், ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது. முடியின் ஸ்டெம் செல்கள் குடியிருப்பது அங்கேதான் என்பது 1990இல் வெளியான ஆய்வுக்குப் பிறகே தெளிவானது. அதுவரை எல்லோரும் அடிக்குமிழையே குறிவைத்தார்கள். குமிழை மட்டும் அழித்தால் போதாது. புடைப்பிலுள்ள ஸ்டெம் செல்கள் பிழைத்திருந்தால் முடி மறுபடி வந்துவிடும். வேக்ஸிங் செய்தாலும் நூல் போட்டுப் பிடுங்கினாலும் சில வாரங்களில் முடி திரும்புவதற்குக் காரணம் அதுதான். ஷேவிங்கோ தோலின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. சிரைத்தால் முடி தடிக்கும் என்ற பேச்சை 1928இலேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் அளந்து பார்த்துப் பொய் என்று காட்டிவிட்டார். வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ட்ராட்டர் வேலை பார்த்த செயின்ட் லூயிஸ் நகரத்திலேயே, அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு, முடியை வேரோடு அழிக்கும் முதல் முறை பிறந்தது. சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர். இமை முடி உள்நோக்கி வளர்ந்து விழியைக் குத்தும் நோயாளிகளுக்கு என்ன செய்வதென்று தேடியவர். மின்கலத்தோடு இணைத்த மெல்லிய ஊசியை இமை முடியின் குழிக்குள் இறக்கி மின்சாரம் செலுத்தினார். அந்த முடி திரும்பவில்லை. 1875இல் இதை எழுதி வெளியிட்டார். எலக்ட்ராலிசிஸ் என்று இன்றும் நாம் சொல்வது இதைத்தான்.

அவசரக்காரர்கள் வேறு வழி தேடினார்கள். 1895இன் கடைசியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவர், முதுகில் ரோமம் அடர்ந்த பெரிய மச்சத்தோடு வந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சினார். முடி உதிர்ந்தது. பின்னால் அந்த இடம் புண்ணாகி, ஆயுளுக்கும் தழும்பானது. அந்தப் பாடத்தையும் மீறி, 1920களில் வட அமெரிக்க அழகு நிலையங்கள் வலியே இல்லாத முடி நீக்கம் என்று விளம்பரம் செய்து எக்ஸ் கதிர்ப் பெட்டிகளை வைத்தன. முகமுடியை எடுக்கப் போன பெண்களில் பலருக்குத் தோல் சுருங்கியது. பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வந்தது. அழகு நிலையத்தில் ஒரு புது மெஷினைக் கண்டால் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

ஊசி முறை பிழைத்ததற்குக் காரணம் அதன் வேதியியல் எளிமை. திசுவில் உப்பும் தண்ணீரும் இருக்கின்றன. மின்சாரம் பாயும்போது ஊசியைச் சுற்றிச் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, துளியினும் துளியாக உண்டாகிறது. அது மயிர்க்காலின் செல்களைக் கரைக்கிறது. பின்னாளில் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தால் ஈரத்தைச் சூடாக்கிச் செல்களை வேகவைக்கும் தெர்மாலிசிஸ் வந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்வதைப் பிளெண்ட் என்கிறார்கள்.

இதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் பொறுமை புரியும். நோயாளி படுத்திருக்கிறார். சிகிச்சை செய்பவர் உருப்பெருக்கியில் ஒரே ஒரு முடியைப் பார்க்கிறார். அது எந்தச் சாய்வில் தோலுக்குள் போகிறதோ அதே சாய்வில், முடியின் தடிமனே உள்ள ஊசியை அதன் பக்கவாட்டில் இறக்குகிறார். சரியாக இறங்கினால் தோலைத் துளைப்பதே இல்லை, ஏற்கெனவே இருக்கும் குழிக்குள்தான் ஊசி போகிறது. மின்சாரம் பாய்கிறது, சுருக்கென்று ஒரு வலி. பிறகு இடுக்கியால் முடியைப் பிடித்துத் தூக்குகிறார். வெடுக்கென்று இழுக்க வேண்டியிருந்தால் வேர் சாகவில்லை, அது வெறும் பிடுங்கல். சிகிச்சை சரியாக நடந்திருந்தால் எதிர்ப்பே இல்லாமல் முடி வழுக்கிக்கொண்டு வரும். அதன் அடியில் பசை போன்ற வெள்ளை உறை ஒட்டிக்கொண்டிருக்கும். அதோடு அந்த முடி முடிந்தது. அடுத்த முடி.

இப்படி ஒவ்வொன்றாக. புருவங்களுக்கு நடுவே உள்ள நாலைந்து முடி, காது மடல், தாடிக் கோட்டுக்கு மேலே கன்னத்தில் சிதறியவை ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. முழுத் தாடிக்கு என்றால் கதையே வேறு. முகமுடியை முழுதுமாக அகற்ற விரும்பும் திருநங்கையரைக் கேட்டால் சொல்வார்கள்: வாரா வாரம் போய் உட்கார்ந்து, நேரத்தைக் கூட்டினால் நூறு மணியைத் தாண்டும். நெஞ்சு, முதுகு முழுவதையும் ஊசியால் செய்ய நினைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் முடி கறுப்போ வெளுப்போ, தோல் எந்த நிறமோ, ஊசிக்கு வேறுபாடு இல்லை. நிரந்தர நீக்கம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொள்ளும் முறையும் இது ஒன்றுதான். ஒளியால் மயிர்க்காலைச் சுடும் லேசருக்கு அந்த நிர்வாகம் தந்திருப்பது நிரந்தரக் குறைப்பு என்ற தகுதி. ஒரு முழுச் சிகிச்சைக்குப் பிறகு, திரும்ப வளரும் முடிகளின் எண்ணிக்கை நீண்ட காலத்துக்குக் குறைந்தே இருக்கும் என்பது அதன் பொருள். ஒரு முடிகூட இராது என்பதல்ல.

லேசர் முடி நீக்கத்தின் அடிப்படையை 1983இல் அமெரிக்காவின் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் வகுத்துத் தந்தார்கள். சரியான நிற ஒளியை, சரியான அளவு நேரம் பாய்ச்சினால், அந்த நிறத்தை உறிஞ்சும் பொருள் மட்டும் சூடாகும், சுற்றியிருப்பவை தப்பிக்கும். முடியில் அந்தப் பொருள் மெலனின் என்ற நிறமி. 1996இல் ஆண்டர்சனின் குழு, 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள ரூபி லேசரை 13 தன்னார்வலர்களின் மேல் செலுத்தி முடி வளர்ச்சி தடைபடுவதைக் காட்டியது. வெள்ளைத் தோலும் கரிய முடியும் கொண்டவர்கள் அவர்கள். லேசருக்கு இதைவிட வசதியான உடல் கிடையாது. ஒளி கறுப்பைத் தேடிப் போகும்போது வழியில் தடுக்க எதுவும் இல்லை.

நம் தோலில் வழியிலேயே தடுப்பு இருக்கிறது. முடியில் உள்ள அதே மெலனின் மேல்தோலிலும் பரவிக் கிடக்கிறது. ஒளிக்கு அது முடி, இது தோல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. முதலில் எதிர்ப்படும் மெலனினை முதலில் சூடாக்கும். தவறான மெஷினில் வெந்துபோவது மேல்தோல். அந்தப் புண் ஆறியபின் மாதக்கணக்கில் கறுப்புத் திட்டாகவோ வெள்ளைத் திட்டாகவோ நிற்கும்.

இதிலிருந்து தப்பிக்க இயற்பியல் மூன்று வழிகளைத் தருகிறது. முதலாவது அலைநீளம். அலைநீளம் கூடக்கூட மெலனின் ஒளியை உறிஞ்சுவது குறைகிறது, ஒளி தோலுக்குள் இறங்கும் ஆழம் கூடுகிறது. 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசர் வெளிர்தோலுக்குச் சிறப்பானது. 810 நானோமீட்டரை ஒட்டிய டயோட் நடுத்தரம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் மேல்தோல் மெலனினை அதிகம் சீண்டாமல் ஆழத்துக்குப் போகிறது. அதன் அடி சற்று மென்மையானது, அதனால் சிட்டிங் ஒன்றிரண்டு கூடலாம். ஆனால் கறுத்த தோலுக்குப் பாதுகாப்பு அதுதான். தோலின் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் தமிழர்களில் பெரும்பாலோர் நான்காவது, ஐந்தாவது வகை. ஆறாவது வகையும் உண்டு. மாநிறத்தவருக்கு டயோட் லேசரைத் தேர்ந்த கை பாதுகாப்பாகப் பயன்படுத்தும். நல்ல கறுப்பு நிறத்தவர் என்டி-யாக் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உள்ளே போவதே சரி.

இரண்டாவது, ஒளித்துடிப்பின் நேரம். டம்ளரில் ஊற்றிய வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும், அண்டாவில் உள்ளது ஆறாது. மேல்தோல் மெலிது, சில மில்லி செகண்டுகளில் சூட்டை இறக்கிவிடும். தடித்த மயிர்க்காலுக்கு அதைப்போலப் பத்து மடங்கு நேரம் தேவை. ஆகவே ஒரே அளவு ஆற்றலைச் சட்டென்று கொட்டாமல், 20, 30 மில்லி செகண்டுகளுக்குப் பரத்திக் கொடுத்தால் மேல்தோல் அவ்வப்போது ஆறிக்கொள்ளும், மயிர்க்காலில் மட்டும் சூடு சேரும். அந்தச் சூடு முடியிலிருந்து பரவி, மெலனினே இல்லாத ஸ்டெம் செல் புடைப்பையும் எட்டுகிறது. மூன்றாவது குளிர்ச்சி. லேசர் முனையிலுள்ள சில்லிட்ட நீலக்கல் கண்ணாடியோ, துடிப்புக்கு ஒரு கணம் முன்னால் பீய்ச்சும் குளிர்வாயுவோ மேல்தோலைக் காக்கிறது.

பார்லர்களில் அதிகம் காணப்படும் ஐபிஎல் உண்மையில் லேசரே அல்ல. அது பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி. அதன் குறுகிய அலைநீளங்களை மேல்தோல் மெலனின் அப்படியே விழுங்கிக்கொள்ளும். கரிய தோலில் செவ்வகச் செவ்வகமாகச் சூட்டுத் தழும்பு விழுவது பெரும்பாலும் இந்த மெஷினால்தான். வீட்டில் வைத்துக்கொள்ளும் கைக்கருவிகளில் பலவும் ஐபிஎல் வகை. நல்ல கருவிகளில் தோல் நிறத்தைப் பார்க்கும் சென்சார் இருக்கும், கறுப்பு கூடினால் அது ஒளியை விடாது. அதை ஏமாற்றி வேலை வாங்க முயலாதீர்கள்.

ஒரே சிட்டிங்கில் ஏன் முடிவதில்லை என்றால், முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை. வளரும் பருவத்தில் உள்ள முடி மட்டுமே வேரோடு இணைந்து, அடிவரை மெலனினோடு நிற்கும். ஓய்வுப் பருவத்தில் முடி குமிழை விட்டு மேலேறிவிடும், சூடு போய்ச் சேர வழியில்லை. தலைமுடியில் பத்தில் எட்டு ஒன்பது வளரும் பருவத்தில் இருக்கும். உடல்முடியில் பெரும்பகுதி எந்நேரமும் ஓய்வில்தான் இருக்கிறது. அதனால்தான் முகத்துக்கு நாலைந்து வாரம், உடலுக்கு ஆறிலிருந்து பத்து வாரம் என்று இடைவெளி விட்டு, ஆறு முதல் எட்டு சிட்டிங் கேட்கிறார்கள். வாரத்துக்கு ஒன்று என்று அடுக்குகிறவர் உங்கள் பணத்தைத்தான் எடுக்கிறார்.

பூனைமுடி விஷயம் இப்போது உதவும். இருபத்தைந்து வயதில் ஒருவர் முதுகுக்கு லேசர் செய்துகொள்கிறார். நன்றாகவே குறைகிறது. நாற்பதில் மறுபடி முடி. லேசர் பொய்த்துவிட்டது என்று நினைக்கிறார். முன்பு அழிந்தவை பெரும்பாலும் அழிந்தவையே. அன்று நிறமில்லாமல், லேசரின் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பூனைமுடிகள் இப்போது கறுத்திருக்கின்றன. ஆண்களுக்குத் தோளிலும் முதுகிலும் இது நடக்கவே செய்யும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு சிட்டிங் தேவைப்படலாம் என்பதை முதல் நாளே சொல்லும் மருத்துவர் நேர்மையானவர்.

இன்னொரு விபரீதமும் உண்டு. சிலருக்கு லேசர் போட்ட இடத்தின் ஓரங்களில் முன்பில்லாத முடி கிளம்பும். தெற்காசியரிடமும் மத்தியக் கிழக்கு மக்களிடமும் இது கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. பெண்களுக்கு முகத்திலும் கழுத்திலும், ஆண்களுக்குத் தோள், மேல்கை, முதுகிலும் வரலாம். கொல்லப் போதாத இளஞ்சூடு பூனைமுடியை உசுப்பிவிடுகிறது என்பது நிபுணர்கள் பலரின் ஊகம். எனவே கன்னத்தின் மேல்பகுதியில் மெல்லிசாக உள்ள முடிக்கு லேசர் வேண்டாம். அங்கே ஊசிதான் பொருத்தம்.

சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டியவை சில. முந்தைய நாள் ஷேவ் செய்யலாம், ஆனால் சில வாரங்களுக்கு முன்பிருந்தே வேக்ஸிங் கூடாது. வேரில் முடி இல்லாவிட்டால் ஒளிக்கு இலக்கே இல்லை. தினமும் டூவீலரில் போகிறவரின் கையும் பின்கழுத்தும் அவருடைய நெஞ்சைவிட இரண்டு சாயல் கறுத்திருக்கும். எல்லா இடத்துக்கும் ஒரே அளவு ஆற்றலை வைத்தால் கழுத்து வேகும். பச்சை குத்திய இடத்தின் மேலும் மச்சத்தின் மேலும் லேசர் படக் கூடாது. நெஞ்சிலோ தோளிலோ தழும்பு தடித்து மேடாகும் கீலாய்டு உடல்வாகு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். முதல் முறை ஒரு சின்ன இடத்தில் சோதித்து, ஓரிரு நாளாவது காத்திருக்க வேண்டும், கறுத்த தோலில் சூடு உடனே தெரியாது. சரியாகப் பட்ட இடத்தில் சில நிமிடங்களில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் மணிமணியாகச் சிறு வீக்கம் எழும், கருகிய முடியின் வாடை வரும். தோல் சாம்பலாகவோ வெள்ளையாகவோ மாறினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், அது சூட்டுக்காயம்.

வலிக்குப் பயந்து மரத்துப்போகும் கிரீமை முதுகு, கால் என்று பரப்பிப் பூசுவது உயிருக்கே ஆபத்து. லேசருக்கு முன் அப்படிக் கால்களில் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் மருந்து ரத்தத்தில் ஏறி இறந்ததை அடுத்து, 2007இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. ஆணின் முதுகு இன்னும் பெரிய பரப்பு.

அழகைத் தாண்டி மருத்துவத் தேவையும் சிலருக்கு இருக்கிறது. சுருள்முடிக்காரர்களுக்கு ஷேவ் செய்த முடி வளைந்து மறுபடி தோலுக்குள்ளேயே குத்தி, கழுத்திலும் தாடையிலும் கொப்புளமாகும். முகத்தை மழித்தே வரவேண்டும் என்ற விதியுள்ள வேலைகளில் இது தீராத தொல்லை. என்டி-யாக் லேசர் இதற்கு நல்ல தீர்வு. அடுத்தது பைலோனிடல் சைனஸ். புட்டப் பிளவின் மேல்முனையில் முடி தோலுக்குள் புதைந்து சீழ் வைக்கும் நோய். இளம் ஆண்களையும், நீண்ட நேரம் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களையும் அதிகம் பிடிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கிட்டத்தட்ட 80,000 அமெரிக்கச் சிப்பாய்கள் இதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஜீப்பில் குலுங்கியே வந்ததென்று ஜீப் நோய் என்றே பெயர் வைத்தார்கள். அறுவை செய்தாலும் திரும்பத் திரும்ப வரக்கூடியது. அமெரிக்காவில் பதின்வயதினரிடமும் இளைஞர்களிடமும் நடத்தி 2023இல் வெளியான ஒரு சோதனையில், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்பியது. அந்த இடத்தில் லேசரால் முடியையும் அகற்றிக்கொண்டவர்களில் பத்தில் ஒருவருக்கே திரும்பியது. இந்த நோயை வெளியில் சொல்லக் கூசி வருடக்கணக்கில் சீழோடு பஸ்ஸில் உட்கார்ந்து போகும் இளைஞர்கள், அறுவை மருத்துவரிடம் இந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும்.

லேசர் செய்வதென்று முடிவெடுத்தவர்கள் நெஞ்சு நரைக்கும்வரை தள்ளிப்போட வேண்டாம். நரைத்த முடியில் மெலனின் இல்லை, எந்த அலைநீளமும் அதைக் காணாது. பாதி நரைத்த தாடிக்கு லேசர் போட்டால் கறுப்பு மட்டும் போய் வெள்ளை அப்படியே நிற்கும். மிச்சத்தை ஊசியால் ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும்.